பென்சிலால் எழுதிய "பிழை"

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்தவர்களும் பொங்கல் பொங்கலாம் எண்டு நான் எழுதின புத்தகத்தைத் தொடவும் மாட்டன் எண்டு, போதகரான நீ சபையில சொன்னனீ. ஒரே லண்டனில இருந்தும், மூண்டு வருசமா டூட்டிங்கிலயிருந்து என்ர கிங்ஸ்பரி வீட்டுப் பக்கமே வரேல்லை.

நேற்று உன்ர மனுசி அந்தப் புத்தகத்தின்ர உன்ர பிரதியை ஒளிச்சுக் கொண்டுவந்து தந்தா. அவவைப் பேசாதை. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால "பிழை" எண்டு போட்டிருக்கிறாய். எனக்கு ஒரே சிரிப்பு. இவ்வளவு கவனமா என்னை ஒருத்தரும் வாசிச்சதில்லையடா!

பொங்கல் கோலத்தில சிலுவை போடுறதைப் பற்றின பக்கத்தில மட்டும், "அம்மாவும் போட்டவ" எண்டிருக்கு.

அடுத்த புத்தகம் எழுதி முடிச்சிட்டன். முதல்ல நீதான் வாசிக்கவேணும். பொங்கலண்டைக்குக் காலமை வா. பானை வாங்கிட்டன். பென்சிலும் சீவி வைச்சிருக்கிறன்.

உன்ர அண்ணை