கிறிஸ்மா பெட்டி

1 டிசம்பர் 2025, திங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் இந்த லேபில் என் ராஜ்ஜியம்தான்.

பரணில் கிடந்த நட்சத்திரம், சீரியல் விளக்கு, குடில் எல்லாவற்றையும் வாட்ச்மேன் அப்பாத்துரை அண்ணாச்சி இறக்கிக் கொடுத்தார். அறுபது வயதிலும் என்னமாய் ஏணி ஏறுகிறார்! "இந்த வருசமும் உண்டுமா மேடம்?" என்று மேலே நின்றபடி கேட்டார். என்ன கேள்வி இது? பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கா பஞ்சம்? ஆனால் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒழுங்காகக் கிறிஸ்மஸ் பார்ட்டி வைப்பது நாங்கள்தான். நடத்துவது மேனேஜர் பொன்செல்வி. எட்டு வருஷம் முடிந்து இது ஒன்பதாவது.

24ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணி. எல்லாரும் சிவப்பு உடை. லேப் முதலாளி டாக்டர் நேசையா ஜெபம், அப்புறம் அவர் பாட்டு, என் பேச்சு, கேக், பிரியாணி. நன்றாக நடக்கிற ஒன்றை எதற்கு மாற்றுவது?

3 டிசம்பர், புதன்

கிறிஸ்மா சீட்டுக் குலுக்கினோம். இருபத்திரண்டு பேர் பெயரையும் எழுதிப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவர் நம் குழந்தை, நாம் அவருக்குக் கிறிஸ்மா. பார்ட்டி வரை நாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு கொடுக்கலாம், குறும்பு வேலை ஏவலாம். குழந்தை தன் கிறிஸ்மாவுக்கு எழுத வேண்டுமானால் கவுண்டர் ஓரத்தில் பெட்டி இருக்கிறது. சிவப்புத் தாள் ஒட்டி, மேலே கீறல் போட்டு நானே செய்தது. கடிதத்தின் மேல் தன் பெயரை எழுதிப் போட்டால் போதும். அவருடைய கிறிஸ்மா யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொள்வார்.

எனக்கு வந்தது ஃபிளோரா! ஏழு வருஷமாக இங்கே ரத்தம் எடுக்கிறாள். அவள் ஊசி போட்டால் சின்னப் பிள்ளைகள்கூட அழாது. உவரிப் பக்கம் கடற்கரைக்காரி. வீட்டுக்காரர் கப்பலில். எட்டு வயது மகள் ஆன்லின் ஊரில் ஆச்சியோடு இருக்கிறாள். இவள் இங்கே ஹாஸ்டலில் தங்கி சனிக்கிழமை தோறும் போய் வருகிறாள். அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் நம் பார்ட்டி என்றால் அவளுக்கு உயிர்.

8 டிசம்பர், திங்கள்

நேற்று கல்லிடைக்குறிச்சிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபிளோராவுக்கு இருநூறு அப்பளம் வாங்கி வந்தேன். கடைப் பெயர் உள்ள லேபிளைக் கிழித்து, நியூஸ் பேப்பரில் சுற்றி, அதன்மேல் சிவப்புத் தாள். "என் செல்லக் குழந்தைக்கு" என்று இடது கையால் எழுதினேன். காலை ஆறே முக்காலுக்கே வந்து அவள் நாற்காலியில் வைத்துவிட்டேன். போலீஸ் நாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கூடவே ஒரு வேலையும் ஏவினேன் - நாளை முழுக்க டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் சல்யூட் வைக்க வேண்டும்.

9 டிசம்பர்

வைத்தாள். டாக்டர் பயந்துபோய்த் திருப்பி வைத்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

12 டிசம்பர், வெள்ளி

பெட்டியில் ஃபிளோராவின் கடிதம். நன்றி சொல்லியிருப்பாள் என்று டீயை வைத்துக்கொண்டு ஆசையாகப் பிரித்தேன். டீ ஆறிப்போனது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள கிறிஸ்மா, அப்பளத்துக்கு நன்றி. கடைசிப் பரிசாக எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். 24ஆம் தேதி நாலரை மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட வழி இருந்தால் அது போதும். எங்கள் ஊருக்கு நேராகப் போகிற கடைசி பஸ் அது. பார்ட்டி முடிந்து, திசையன்விளையில் இறங்கி மாறிப் போனால் ஒன்பதரை ஆகிவிடுகிறது. இந்த வருஷம் பூசைக்கு முந்திய கோயில் நாடகத்தில் ஆன்லின் இறக்கை கட்டிய சம்மனசாக, தேவதூதராக நிற்கிறாள். ஏழரைக்கு நாடகம். போன வருஷம் ஆட்டுக்குட்டியாக வந்தாளாம், நான் பார்க்கவில்லை. மேடத்திடம் முதல் வருஷமே கேட்டேன். 'பார்ட்டியே ஒங்களுக்காகத்தான வைக்கோம், நீ இல்லாம எப்படி?' என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் கேட்கவில்லை. தயவுசெய்து இது மேடத்துக்குத் தெரிய வேண்டாம். மனசு சங்கடப்படுவார்கள்."

சங்கடப்படுவார்களாம்!

நான் அப்படியா சொன்னேன்? எப்போ சொன்னேன்? - சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய ஆள்தான். அந்தச் சிரிப்புகூட இப்பவும் என் காதுக்குள்ள கேக்கு.

ஏழு வருஷம்ட்டி. ஏழு வருஷமா கேக்குத் துண்ட வாயில வச்சிக்கிட்டு மனசுக்குள்ள பஸ்ஸ நெனச்சிக்கிட்டா நின்ன? ஒரு தடவை சண்டை போட்டுக் கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

13 டிசம்பர், சனி

இது ஒருத்தியின் குறைதானா, ஊர்க் குறையா என்று விசாரித்தேன். ரிசப்ஷனில் ஹம்னா, "நம்ம பார்ட்டி சூப்பர் மேடம்" என்றாள். டெக்னீஷியன் கிங்ஸ்லியும் கடற்கரைக்காரன்தான். "நீங்க வச்சா நல்லாத்தாம்லா இருக்கும் மேடம்" என்றான், மைக்ராஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமல். மேனேஜர் கேட்டால் வேறு என்ன சொல்லுவார்கள்? எனக்கு இவ்வளவு நாள் இது தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய பார்ட்டிப் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஃபிளோரா வாசலை ஒட்டி நிற்கிறாள், தோளில் பை. பக்கத்தில் கிங்ஸ்லி, முதுகில் பை. போன வருஷம் கேக் வெட்டும் படத்தில் இருபது பேர் கேக்கைப் பார்க்கிறார்கள். ஃபிளோரா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

அந்தப் படத்தைத்தான் நான் ஒரு வருஷமாக ஸ்டேட்டஸ், காலண்டர் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

14 டிசம்பர்

அவளை மட்டும் அனுப்பினால் கடிதம் மேடம் கைக்குப் போனது தெரிந்துவிடும். கிங்ஸ்லிக்கும் அதே பஸ்தானே. ஆகவே பார்ட்டியையே தூக்கி வேறு நாளில் வைப்பது. முடிவு செய்துவிட்டேன். டாக்டர் ஒருத்தர்தான் பாக்கி.

15 டிசம்பர், திங்கள்

டாக்டர் அறையில்.

"ஏம்மா, நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு? 24ன்னா அதுல ஒரு சந்தோசம் உண்டுல்லா."

"நமக்கு நல்லா இருக்கு சார். ஒங்க வீடும் கோயிலும் நாலு தெரு தள்ளி. எனக்கு ஸ்கூட்டில பத்து நிமிசம். பஸ் ஏறி ஊருக்குப் போற பிள்ளைகள நாம கேக்கவே இல்ல."

"யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"இல்ல சார்." பச்சைப் பொய். கிறிஸ்மா விதி அப்படி.

"அன்னைக்கு சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க கூட்டம் வருமே. ஆள் எல்லாம் போய்ட்டா கவுண்டர்ல யாரு?"

"நான் உக்காருதேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையான கவலை எது என்று எனக்குத் தெரியும். "பாட்டு பிராக்டிஸ் பண்ணி வச்சிருக்கேன்" என்றார் பைய.

"19ஆந்தேதி மத்தியானம் பாடுங்க சார். ரெண்டாப் பாடுங்க."

விஷயம் முடிந்தது. பார்ட்டி 19ஆம் தேதி மதியம், வேலை நேரத்திலேயே. 24ஆம் தேதி கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒன்றரை மணிக்குக் கிளம்பலாம். நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். ஃபிளோரா அதன் முன்னால் நின்று இரண்டு தடவை வாசித்தாள். நான் பிரிண்டரைச் சரிசெய்வது போல அங்கேயே நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தபோது பேப்பர் மாட்டிக்கொண்டதாகச் சொன்னேன்.

19 டிசம்பர், வெள்ளி

பார்ட்டி. டாக்டர் நான்கு பாட்டுப் பாடினார். என் தப்புதான், இரண்டு என்று நானே ஆரம்பித்து வைத்தேன்.

கிறிஸ்மா யார் என்று சொல்லும் நேரம். என் முறை வந்ததும் ஃபிளோரா முன்னால் போய் நின்றேன். "அய்யோ, மேடமா!" என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு துளி சந்தேகம் வந்திருக்கவில்லை! ஹம்னா குனிந்து இருமிக்கொண்டே இருந்தாள், பிரியாணி காரம் போல.

கடிதத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு ஒருத்தர் தோளிலும் பை இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

24 டிசம்பர், புதன்

ஒன்றரைக்கு ஐந்து பேரும் போனார்கள். ஃபிளோரா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி, "வாரேன் மேடம்" என்றாள். "ஏட்டி, போ, பஸ்ஸ விட்டுராத" என்றேன்.

பிறகு கவுண்டர். ரிப்போர்ட் கொடுப்பது பெரிய வித்தையா என்று நினைத்து உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு மறந்து, ரிசப்ஷனில் இருந்து ஹம்னாவை மூன்று தடவை கூப்பிட்டு, ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் எல்லாருக்கும் கொடுத்து முடித்தேன். ஒரு ரிப்போர்ட்கூட மாறவில்லை.

ஏழரை மணிக்கு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் நாடகம் தொடங்கியிருக்கும்.

26 டிசம்பர், வெள்ளி

ஃபிளோரா அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாள். போனில் படம் காட்டினாள். ஆன்லினுக்குத் தெர்மாகோல் இறக்கை, ஒன்று சரிந்து தொங்குகிறது. கூட்டத்துக்குள் அம்மாவைக் கண்டுவிட்டு, சம்மனசு மேடையில் நின்று கையை ஆட்டுகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"அந்த அப்பளத்தத்தான்க்கா கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்குப் பொரிச்சோம்" என்றாள். ஏழு வருஷமாக மேடம். இன்றைக்கு அக்கா.

சட்டென்று ஒரு சந்தேகம். "ஏட்டி, அது நான் வச்சதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பிரிச்சப்பவே தெரிஞ்சிட்டு. நம்ம லேப்ல கல்லிடைக்குறிச்சியில இருந்து அப்பளம் கொண்டாற ஆள் வேற யாரு இருக்கா? கிங்ஸ்லி, ஹம்னா எல்லாருக்குமே தெரியும்."

"அப்போ அந்தக் கடுதாசி? மேடத்துக்குத் தெரிய வேண்டாம்னு..."

"நீங்கதான்னு தெரிஞ்சதுக்குப் பெறகுதான்க்கா எழுதுனேன். மொகத்தப் பாத்துக் கேக்கதுக்குத்தான் ஏழு வருசமா வாய் வரல."

ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

29 டிசம்பர், திங்கள்

அலங்காரம் எல்லாவற்றையும் பரணில் ஏற்ற வேண்டிய நாள். கிறிஸ்மா பெட்டியைத் தூக்கினேன். உள்ளே ஏதோ ஆடியது. திறந்தால் ஒன்பது சீட்டு. எதிலும் பெயர் இல்லை. விளையாட்டு முடிந்த பிறகு போட்டிருக்கிறார்கள்.

"சிவப்புச் சேலை என்னிடம் கிடையாது. வருஷா வருஷம் இரவல்." "பிரியாணியைப் பொட்டலமாகக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவோம்." "டாக்டர் பாட்டு ஒன்று போதும்." அதே கையெழுத்தில் கீழே, "மேடம் பேச்சும்."

இருக்கட்டும். பேச்சைக் குறைப்பதைப் பற்றி மட்டும் இன்னும் யோசிக்க வேண்டும்.

கடைசிச் சீட்டில் பெரிய பெரிய எழுத்து, கோணலாக: "எனக்கு முட்டு வலிக்கி. ஏணி ஏற முடியல."

நிமிர்ந்தேன். அப்பாத்துரை அண்ணாச்சி ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். "பெட்டியக் குடுங்க மேடம், மேல வச்சிருதேன்."

"பெட்டி கீழயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க இங்கன நின்னு ஏணியப் பிடிங்க" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நட்சத்திரத்தோடு நான் ஏறினேன்.