தோசைக்கு முன் ஒரு ஜெபம்

ஞாயிறு, ஆகஸ்ட் 10. இரவு 9.20.

பேத்தி மீனுவுக்கு ஜெபம் கற்றுத்தர மூன்று மாதமாகப் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். மாப்பிள்ளை இந்து. என்ன நினைப்பாரோ என்று பயந்து முதல் பாடத்தையே தொடங்கவில்லை. இன்று அடையாறு ஓட்டலில் தோசை வந்ததும் அவளே கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, தோசைக்கு தேங்க்ஸ். தாத்தாக்கு முட்டி வலிக்கவே கூடாது."

நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

"யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார் மாப்பிள்ளை.

"தாத்தா டெய்லி சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடுவாரே, நீ பாத்ததில்லையாப்பா?"

மாப்பிள்ளை பிட்ட தோசையைத் தட்டில் வைத்தார். "சாரி மாமா, நான் பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டேன்" என்று சிரித்தபடி காத்திருந்தார்.

மீனு என்னை இடித்தாள். "ஆமென் சொல்லு தாத்தா, தோசை ஆறுது."

சொன்னேன்.

இப்போதுதான் பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பிறருக்காக ஜெபிப்பது ஒன்பதாம் பாடம்.