உன் பெயருக்கு முன்னால் நான் போட்ட ‘எ’

தோங்யோங்
ஜனவரி 19

அன்பு மகள் ஹேவோனுக்கு அம்மா எழுதுவது. அப்பா, தாஜோங், நான் மூன்று பேரும் இங்கே நலமாக இருக்கிறோம், அங்கே கார்க் நகரத்தின் மழையிலும் குளிரிலும் நீயும் ரோரியும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். கையெழுத்து உன் தங்கையுடையதாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, போன வாரம் சிப்பி உடைக்கும்போது கத்தி வழுக்கி வலது உள்ளங்கையில் ஏழு தையல், வேறொன்றுமில்லை, நான் சொல்லச் சொல்ல தாஜோங் எழுதுகிறாள். ஒரு வார்த்தையும் குறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அக்கா, நான் தாஜோங். குறைக்க மாட்டேன்னுதான் சத்தியம், கூட்ட மாட்டேன்னு யாரும் கேக்கல. அடைப்புக்குறிக்குள்ள வர்றதெல்லாம் நான்.)

நீ போன் பண்ணி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. எடுத்திருந்தாலும் எனக்கு ஒழுங்காகப் பேச வந்திருக்காது, கடிதமென்றால் நடுவில் நான் சொதப்பினாலும் உனக்குக் கேட்காது என்றுதான் இதை எழுதச் சொன்னேன். (கேக்காது, ஆனா நான் எழுதிருவேன். இப்ப மூக்கத் தொடச்சாங்க. வெங்காயம்ங்கிறாங்க. வீட்ல வெங்காயமே இல்ல.)

ரோரியின் அம்மா மோராவுக்கு நான் எழுதிய கடிதம் எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பித்துக்கொள்வதற்காக இல்லை. சம்பந்தி வீட்டுக்கு முதல் கடிதம் எழுதினால் அவர்களை உயர்த்தி நம் பிள்ளையைத் தாழ்த்தி எழுத வேண்டும், என் கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவும் உன் அப்பா வீட்டுக்கு அப்படித்தான் எழுதினார், குறையுள்ள பெண்ணைத் தருகிறோம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. அதைப் படித்து இங்கே யாரும் பெண்ணுக்குக் குறை இருப்பதாக நினைப்பதில்லை, பெற்றவர்களுக்கு அடக்கம் இருப்பதாக நினைப்பார்கள். நம் மொழியில் பெரியவர் சாப்பிட்டால் ஒரு சொல், நான் சாப்பிட்டால் இன்னொரு சொல், இங்கிலீஷில் மரியாதையை எந்த இடத்தில் வைப்பது என்று தாஜோங்கிடம் கேட்டேன். இவள் முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு, அதுக்குத்தாம்மா ரெண்டு குட்டி வார்த்தை வச்சிருக்காங்க, பெரியவங்களுக்கு முன்னாடி ‘தி’, சின்னவங்களுக்கு முன்னாடி ‘எ’, திருவாளருக்கு தி, எடுபிடிக்கு எ, ஞாபகம் வச்சுக்க சுலபம் என்றாள். நம்பிவிட்டேன். எட்டு வருஷமாக டியூஷனுக்குப் போகிறவள் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள். (நாலு நாள் கழிச்சு உண்மையச் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். ரெண்டாவது நாளே தபால்ல சேத்துட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல அக்கா.)

அப்படித்தான் அந்தக் கடிதத்தில் தி மோரா, தி ரோரி, தி வீடு, அவர்கள் வளர்க்கும் நாய்க்கும் ஒரு தி. உனக்கு மட்டும் ஒவ்வொரு வரியிலும் எ. எ ஹேவோன் என்றால் யாரோ ஒரு ஹேவோன் என்று அர்த்தமாம், பெற்றவளுக்கே யாரென்று தெரியாத மாதிரி. அந்த எ ஹேவோனுக்குச் சமைக்கத் தெரியாது, எ ஹேவோன் பிடிவாதக்காரி, அழகும் போதாது, தயங்காமல் கண்டித்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன், இவள் இங்கிலீஷில் எழுதினாள். அங்கே வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இந்த எ, தி சொல்லிக்கொடுத்து சம்பளம் வாங்குகிற பெண் நீ, உன் வருங்கால மாமியார் கையில் உன் வீட்டிலிருந்து இப்படி ஒரு காகிதம்.

மோரா அதைப் படித்துவிட்டு மழையில் நனைந்தபடி உன் வீட்டுக்கு ஓடிவந்து, உன்னைக் கட்டிப்பிடித்து, சின்ன வயசில் உன்னை வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டாள் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டுவிட்டது. உங்கம்மாவக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேணாம்னு நெனச்சா எங்களுக்குப் புரியும் என்றும் மோரா சொல்லியிருக்கிறாள். அப்போது நீ, எழுத்தெல்லாம் தாஜோங் விளையாட்டுன்னே வச்சுக்குவோம், அழகும் போதாதுன்னு சொன்னது யாரும்மா, வெளியாளுங்க முன்னாடி என்னப் பத்தி ஒரே ஒரு தடவை ஒரு நல்ல வார்த்த சொல்லியிருக்கியா என்று கேட்டாய். நான் மன்னிச்சுக்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் எழுதுறதுதானேடி, இதுல என்ன தப்பு என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து உன் கேள்விக்குப் பதிலாக ஒரு நாளாவது அகப்படுமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன் ஹேவோன். அகப்பட்டது வேறு ஒரு நாள். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் நீ முதலாவதாக வந்தாயே, அன்று நான் வேலை செய்யும் சிப்பிக் கொட்டகையில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள், எனக்குள்ளே கொதிக்கிற பானை மாதிரி சந்தோஷம் தளும்பியது, வாயிலோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல, எதோ உளறிட்டு வந்திருக்கா, மத்த பிள்ளைங்களுக்குக் காய்ச்சலா இருந்திருக்கும் என்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு நீ நிற்கிறாய். டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாய். நான் பின்னால் வந்திருக்கலாம். கையெல்லாம் சிப்பிச் சேறு, வரவில்லை. இரவு கேட்கலாம் என்றிருந்தேன், இரவில் நீ சாதாரணமாகத்தான் இருந்தாய், அதனால் விட்டுவிட்டேன். நீ சாதாரணமாக இருந்த நாட்களையெல்லாம் நான் அப்படியே விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. (இது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நான் பாட்டுக்கு எ போட்டு வெளாடினது எந்த இடத்துலன்னு இப்பப் புரியுது. மன்னிச்சிரு அக்கா. இத அம்மா சொல்லச் சொல்லல.)

இப்போது இவளுக்குத் தண்டனையாக தினமும் அரை மணி நேரம் எனக்கு ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று போட்டிருக்கிறேன். கேட்பவருக்கு இன்னும் தெரியாத ஒன்றென்றால் எ, இரண்டு பேருக்கும் தெரிந்ததென்றால் தி, மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். எ படகு வந்தது, தி படகில் சிப்பி இருந்தது என்று ஒற்றைக் கையால் சிப்பியைத் தரம் பிரித்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குத் தையலோடு காய்ச்சலும் வந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். மகளுக்கு முன்னால் எது போடுவது என்று கேட்டேன். ரெண்டும் வேணாம்மா, ‘என்’ மகள்னு எழுது, அது வந்துட்டா வேற எதுக்கும் அங்க எடமில்ல என்றாள். இப்படியொரு சுலபமான வழி இருந்தும் நான் கேட்காமல் போனேனே.

இத்துடன் மோராவுக்கு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துப் பார், பிடித்தால் கொடு, இல்லையென்றால் கிழித்துப் போடு, நான் கேட்க மாட்டேன். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆன குளிர்காலத்தில் என் மகள் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது விடிகாலையில் என்னோடு கொட்டகைக்கு வந்து சிப்பி உடைத்தாள், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை, அவள் சிரித்தால் பெரிய வீடும் நிறைந்துவிடும், அவள் அழகு, இதையெல்லாம் நான் அவளிடமும் சொன்னதில்லை, அவளைப் பற்றியும் சொன்னதில்லை, தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். (பத்து வரிக்கு மூணு நாள் ஆச்சு. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ‘ஆனா’ன்னு ஆரம்பிப்பாங்க. எல்லா ஆனாவையும் அடிச்சுட்டேன், அவங்க தடுக்கல.)

மே மாதக் கல்யாணத்தில் நம் வழக்கப்படி இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று ரோரி ஆசைப்பட்டதாகச் சொன்னாய். மோரா என் கையைப் பிடிக்க மனசு வராமல் நின்றால் அதையும் நான் வாங்கிக்கொள்வேன், உன் கல்யாண நாளில் உன் முகம் சுருங்குவதைத்தான் பார்க்க முடியாது. வா என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் இங்கிருந்தே வாழ்த்துகிறேன், யார் கேட்டாலும் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள், உன்மேல் ஒரு சொல் விழாது. நெத்திலிக் கருவாடும் காய்ந்த கடல்பாசியும் தனியாக அனுப்பியிருக்கிறேன், பாசியை ஊறவைக்கும்போது கொஞ்சமாக எடு, நாலு மடங்கு பெருகும். வேலைக்குப் போகுமுன் ஏதாவது சூடாகச் சாப்பிடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்கப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உங்க பேர் சொல்லுங்கம்மா என்றாள். ஹேவோன் அம்மா என்றேன். அது இல்லம்மா, உங்க பேரு என்றாள். முப்பது வருஷமாக இந்த ஊரில் யாரும் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எனக்கும் சட்டென்று வேறு வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். (நானும் கூடத்தான் நின்னேன், தாஜோங் அம்மான்னு ஒருத்தர் இருக்கறதே அங்க யாருக்கும் தெரியல.) சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
ஹேவோன் அம்மா