கமலாவும் ஃபியட்டின் நாலு குழாயும்

6 ஜூன் 2005

காலையில் நானே காபி போட்டுக் குடித்தேன். காபியா அது!

கமலாம்பாள் வெள்ளகோவிலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. சண்டை என்னோடு இல்லை, காரோடு. ஊத்துக்குளிக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஃபியட்டுக்குள்ளேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். புகை மூச்சில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இன்ஜின் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விட்டு, உள்ளே கசிந்திருக்கிறது. பெட்டி கட்டிக்கொண்டு சொன்னாள்: "அந்த வண்டி இருக்கற ஊட்டுக்கு நான் வரமாட்டனுங்க." அவ்வளவு கோபத்திலும் அந்த 'ங்க'வை விடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

7 ஜூன்

மெக்கானிக் மாரிச்செல்வம் வந்து பார்த்தான். கோவில்பட்டிக்காரன். "ரெண்டு தடவ வெல்டிங் வச்சாச்சு அண்ணாச்சி, வார்ப்பிரும்பு இனி பிடிக்காது. பழைய சாமான் கடையில கெடைக்கதும் விரிஞ்சுதான் கெடக்கும்."

வேறு வழி? கோயம்புத்தூரில் ரேஸ் பையன்கள் போடுகிற 'ஹெடர்ஸ்' இருக்கிறதாம். நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக நாலு குழாய், கீழே போய் ஒன்றாகச் சேரும். "சத்தம் மட்டும் மாறிப்போகும், பாத்துக்கிடுங்க" என்றான்.

மாறட்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது என்னவோ போல் இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் கேட்ட சத்தம்.

9 ஜூன்

கரண்ட் இல்லை. நிட்டிங் மெஷின் இரண்டும் நின்றுவிட்டன. ஷெட்டில் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

கல்யாணமான மறு வருஷம் வாங்கியது, செகண்ட் ஹேண்டு. பகலெல்லாம் பின் சீட்டில் பனியன் துணி ரோல். கிருத்திகை வந்தால் பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு, சிவன்மலை முருகன் கோயிலுக்கு நாங்கள். மகள் யாழினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இதில்தான். பச்சைக் குழந்தை குலுங்கிவிடுமே என்று நான் உருட்டிய வேகத்தில் சைக்கிள்காரனெல்லாம் முந்திப் போனான். "கொஞ்சம் வெரசாத்தான் போங்க, ஊடு போறதுக்குள்ள இவளுக்குக் கல்யாண வயசு வந்துரும்" என்று கமலா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இதை எப்படி விற்பேன்? அவள் இல்லாமல் இதை வைத்துக்கொண்டுதான் என்ன செய்வேன்?

12 ஜூன்

போன் செய்தாள். "வண்டிய வித்தாச்சுங்களா?" "ரிப்பேர் ஆயிட்டிருக்குது." வைத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேக்க விடலையே, மகராசி.

14 ஜூன்

பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவதற்குள் ஒரு பகல் போனது. துருப்பிடித்த போல்ட் ஒன்று பாதியில் முறிந்து மாரிச்செல்வத்தின் உயிரை வாங்கியது. தூசி விழக்கூடாதே என்று இன்ஜின் ஓட்டைகளை நான்தான் பனியன் வேஸ்ட் துணியால் அடைத்துவைத்தேன். திருப்பூரில் கைக்கு வேறு என்ன அகப்படும்?

15 ஜூன்

ஹெடர்ஸ் ஏறியது. சைலன்சர் மாட்டுவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பார்த்தோம். நொண்டியது, இருமியது. பிறகு ஒரே வெடி. குழாய் வழியாகக் கருகிய உருண்டை ஒன்று பறந்து வந்து சுவரில் அடித்தது. ஓர் ஓட்டையில் வேஸ்ட்டை எடுக்க மறந்திருக்கிறேன்! மாரிச்செல்வம் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "எக்ஸ்போர்ட் குவாலிட்டி அண்ணாச்சி" என்றான்.

17 ஜூன்

கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு அவிநாசி வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். மாரிச்செல்வம் மொபெட்டில் பின்னாலேயே வந்தான், ஹேண்டிலில் சுத்தியல் தொங்க. "நீங்க மயங்கிட்டா கண்ணாடிய ஒடைக்க ஆள் வேணும்லா?"

தலைவலி இல்லை. புகை வாடை துளி இல்லை. சத்தம்தான் வேறு யாருடைய காரோ போல.

19 ஜூன்

வெள்ளகோவில் போனேன். மச்சான் சுப்பண்ணன் வீட்டு முன்னால் நிறுத்தியதும், ஈரக்கையைத் துடைத்தபடி சிரித்த முகமாக வாசலுக்கு வந்தாள் கமலாம்பாள். யாரோ விருந்தாளி என்று நினைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது.

"சத்தம் வேற மாதிரி கேட்டுதுங்க. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்தே இருக்கமாட்டன்."

வந்துவிட்டாளே. அண்ணன் எதிரில் திரும்பி உள்ளே போக முடியுமா? "வாங்க மாப்ள, சாப்ட்டுப் போலாம்" என்றார் சுப்பண்ணன். சாப்பிடும்போது குழாய்க் கதை முழுவதும் சொன்னேன். சுத்தியலோடு மாரிச்செல்வம் வந்ததைச் சொன்னபோதுதான் சிரித்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

காங்கயத்துக்கு முன்னால் தூறல் பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினோம். நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். திரும்பினால், அவள் தலை கதவில் சாய்ந்து கிடக்கிறது.

உயிரே போய்விட்டது எனக்கு. ஓரம் கட்டி, கதவைத் திறந்து, தோளைப் பிடித்து உலுக்கினேன். கமலா, கமலா என்று கத்தியிருக்கிறேன், ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு.

கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, அண்ணன் ஊட்டுல ஒரு நாளு கூட ஒழுங்காத் தூங்கலீங்க. இப்பத்தான் கண்ணசந்தன். எழுப்பிப் போட்டீங்களே!"

கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். ஊர் வரும்வரை எழுப்பவில்லை. மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.