பிடுங்கிய பால்கோவாத் தட்டு

அத்தான்,

ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நேற்று உங்கள் அக்கா முன்னால் பால்கோவாத் தட்டைப் பிடுங்கினேன். "ஏட்டி, வீட்லயும் நான் ஒனக்குப் பேஷண்ட்தானா?" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதுவுமே சாப்பிடவில்லை.

கோபத்தில் பட்டினி கிடந்து, பழக்க தோஷத்தில் இன்சுலினை மட்டும் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கினால் ஆளைச் சாய்த்துவிடும். ஊசியை என் பையில் எடுத்துப்போகப் பார்த்தேன். அதுவும் பிடுங்குவதுதான் என்று தோன்றியது. ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது.

இட்லி ஹாட்பாக்ஸில். தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு ஊசி போடுங்கள், உடனே சாப்பிடுங்கள். ஊருக்கெல்லாம் உணவு அட்டவணை போடும் நான், நேற்று சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்சி

பி.கு.: கிறுகிறுப்பு வந்தால் பால்கோவா உடனே உதவாது, கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏறவிடும்; சீனித் தண்ணீர் குடியுங்கள்.

சாப்பிட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம்.