டெஸ்மண்டின் எலும்பில் தங்கிவிட்ட கிருமி

டத்தோ கிராமாட், பினாங்கு
ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பி ஜெரால்டுக்கு,

அண்ணி ஷேரன் எழுதுவது. அயர்லாந்தில் நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கள் அப்பாவும் எங்கள் குட்டி மகளும் நலம். உங்கள் அண்ணன் டெஸ்மண்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் என் போன் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

பிறைத் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கியதும், தொடையில் கம்பி வைத்ததும் உங்களுக்குத் தெரியும். பிறகு நடந்ததைப் போனில் பாதிதான் சொன்னேன். கம்பியில் கிருமி பிடித்தது. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி. கம்பியைக் கழற்றி எலும்பைச் சுரண்டியும் போகவில்லை.

கிருமியைக் கொல்லும் வைரஸ் இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய கட்டுரையை டாக்டர் நூர் ஃபாத்திஹாவிடம் காட்டினேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவரோ, நானும் அதற்குத்தான் அனுமதி கேட்டு அலைகிறேன் என்றார். அண்ணனின் கிருமியை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதற்குப் பொருந்தும் வைரஸைத் தேடிப் பிடித்தார்கள். சாக்கடைத் தண்ணீரில் கிடைத்ததாம். லோங்காங் தண்ணியா என் உடம்புக்குள்ள போகுது என்று அண்ணன் கேட்டதில் நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது, தம்பி. காய்ச்சல் இறங்கியது. புண் காய்ந்தது. மீ கோரேங் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார். நான் பைத்தியம் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு கிருமி தன்னை மாற்றிக்கொண்டது. வைரஸால் அதை அண்ட முடியவில்லை. ஆனால் அப்படி மாறியதில் அதன் கவசம் போய்விட்டது, இனி பழைய மருந்து ஒன்றுக்கு அடங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்திலும் வெளிச்சம் இருந்தது. மருந்து கிருமியைப் பிடித்தது. ஆனால் அண்ணனின் சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். இப்போது கிருமி இடுப்புவரை ஏறிவிட்டது. காலை எடுத்தாலும் பயனில்லையாம்.

வேறு வைரஸ் தேடுகிறார்கள். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் இன்னொன்று கேட்டார். அண்ணனின் கிருமியை உறையவைத்துப் பாதுகாக்கலாமா, பின்னால் வருகிறவர்களுக்கு மருந்து கண்டுபிடிக்க உதவும் என்று. எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் உடனே சரி என்றுவிட்டார். அப்போ எனக்கப்புறமும் அது உயிரோட இருக்குமா டாக்டர் என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் அப்பா தனியாகத்தான் போனார். குட்டி, டாடி எப்போது வீட்டுக்கு வருவார் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னீர்கள். அண்ணனிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். லீவு கிடைக்குமா என்றெல்லாம் பார்க்காதீர்கள், தம்பி. இந்த மாதமே வாருங்கள். உங்களோடு பேச அவருக்குத் தெம்பு இருக்கும்போதே வாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணி ஷேரன்