பெண்களுக்கு மட்டும் பொறுமைப் பாட்டு

வெள்ளிக்கிழமை, இரவு.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கும் போட்டி. பையன்களுக்குக் கடலைப் பற்றிய பாட்டாம், பெண்களுக்குப் பொறுமையைப் பற்றியதாம். என் பேத்தி தேவி கடல் பாட்டைத்தான் சொல்வேன் என்றதற்கு டீச்சர் அவள் பெயரையே அடித்துவிட்டார். நேரில் போய்க் கேட்டேன்.

"பொண்ணுங்களுக்கு ஒழுக்கம் வரணும்ல பாட்டிம்மா."

"பசங்களுக்கு அது வாணாவா மிஸ்? எங்க தெருமுனையில வந்து நின்னு பாருங்க, யாருக்கு வேணும்னு தெரியும்."

டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டார். பெயரையும் சேர்க்கவில்லை. நான் அஞ்சாவதுதான் படித்தேன். பொறுமையை எனக்குப் பாட்டு கற்றுத்தரவில்லை, அவள் தாத்தா கற்றுத்தந்தார். என்னோடு போதும் அது.

அழுதுகொண்டிருந்தவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்க் கடல் பாட்டைச் சொல்லச் சொன்னேன். முனகினாள். "மாம்பலம் டேசன் வரிக்கும் கேக்கணும்டி!" என்றேன். கேட்டிருக்கும். கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது.

நாளைக்கு நானே கூட்டிப் போகிறேன். மேடை இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாசல் இருக்கிறது.